களிமண் சரிவில் ஒரு கல் சுவர்: விழுந்த கதையும் மறுபடி கட்டிய கதையும்

2022 செப்டம்பர் முதல் வாரம். பெங்களூரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐ.டி. ஆட்களை டிராக்டரில் ஏற்றி ஆபீசுக்குக் கூட்டிப் போனார்களே, அந்த மழை. ஒரே ராத்திரியில் 130 மி.மீ. கொட்டிய மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "டேய், பின்பக்கச் சுவர் படுத்திடுச்சுடா. மாமா குடையோட நின்னு பாத்துட்டிருக்காரு. நீ கிளம்பி வா."

வீடு கனகபுரா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சரிவான ஒரு லேஅவுட்டில். வாசலில் 40 அடி, ஆழம் 60 அடி. ரோட்டிலிருந்து பின்னால் போகப் போகத் தரை ஏறும், எட்டடிக்கு ஓரடி என்ற கணக்கில். வீடு கட்ட மேட்டைச் சீவிச் சமப்படுத்தியதால் பின்பக்கம் மேல்வீட்டுக்காரர் நிலம் ஆறடி உயரத்தில் நிற்கிறது. அதைத் தாங்கத்தான் 40 அடி நீளத்துக்கு சைஸ் கல், அதாவது ஒரே அளவாகக் கொத்திய கல், சுவர். இடதுபக்கம் சரிவோடு கூடவே இறங்கும் இன்னொரு கல் சுவர், அதுவும் 40 அடி. இரண்டையும் போட்டது வீட்டை விற்றவர். விழுந்தபோது சுவருக்கு ஏழெட்டு வயது. நாங்கள் வாங்கியபோது வெளியே இணைப்புகளில் சிமெண்ட் பூசி, அழகாகப் பாயின்டிங் செய்து கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். நான் பதினேழு வருஷமாக சைட் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன். அந்த வீட்டை வாங்கலாம் என்று மாமாவிடம் சொன்னதும் நான்தான். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம்.

கிடந்தது எப்படிக் கிடந்தது

விழுந்த சுவரைப் பார்க்கப் போனால் கையில் மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள், அளவு எடுங்கள். ஜே.சி.பி. வந்து ஒருமுறை வாரிவிட்டால் அப்புறம் ஏன் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆளுக்கொரு கதைதான் மிஞ்சும். எங்கள் வீட்டிலேயே பத்து மணிக்குள் மூன்று கதை கிளம்பிவிட்டது: சிமெண்ட் கம்மி என்றார் மாமா, கல் மட்டரகம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர், வாஸ்து என்று ஒருவர்.

பின்சுவரில் நடுவே 18 அடி மட்டும் விழுந்திருந்தது. மேல்பகுதி தூரமாகவும் அடிப்பகுதி கிட்டவும் கிடந்ததால் குப்புற விழுந்திருக்கிறது என்று புரிந்தது. இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்த மிச்சத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நடு உயரத்தில் இரண்டு அங்குலம் வயிறு தள்ளியிருந்தது. இது ஒரு ராத்திரியில் வருகிற வயிறு இல்லை. அக்காவைக் கேட்டால், துணி காயப்போடும் கம்பியின் கொக்கி போன வருஷத்திலிருந்தே தளர்ந்துகொண்டே வந்ததாம், கம்பிதான் நீண்டுவிட்டது என்று நினைத்து இழுத்து இழுத்துக் கட்டியிருக்கிறாள்!

உடைந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. 15 அங்குலச் சுவர், முன்னால் ஒரு வரிசை கல், பின்னால் ஒரு வரிசை கல், நடுவில் கல் சில்லும் மண்ணும். முன்வரிசையையும் பின்வரிசையையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கல், மேஸ்திரிகள் த்ரூ கல் என்பார்களே, அது அந்த 18 அடியிலும் ஒன்றுகூட இல்லை. சிமெண்ட் வெளியே தெரிகிற இணைப்புகளில் மட்டும். ஒரு சுவர் என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றையொன்று தெரியாத இரண்டு மெல்லிய சுவர்கள். தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை கிடையாது.

இதெல்லாம் இருந்தும் ஏழெட்டு வருஷம் எப்படி நின்றது? இந்தக் கேள்வியைத்தான் நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன். பதில் மேலே இருந்தது. மேல்வீட்டு நிலத்தில், சுவரிலிருந்து நாலடி தள்ளி, சுவருக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரல் நுழையும் அகலம், கம்பியை விட்டால் மூன்றடிக்கு மேல் இறங்கியது. காய்ந்த களிமண்ணை ஆறடி செங்குத்தாக வெட்டினால் அது பாட்டுக்கு நிற்கும், கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். அத்தனை வருஷமும் அந்த மண் தன் பிடிப்பில் தானே நின்றிருக்கிறது. சுவர் அதன் முன்னால் போட்ட சட்டைதான். வெயிலில் மண் சுருங்கி வெடிப்பு விட, வெடிப்பில் தூசியும் சல்லியும் விழ, மழையில் மண் ஊதும்போது திரும்பப் போக இடமில்லாமல் சுவரைக் கொஞ்சம் தள்ள, அடுத்த கோடையில் மறுபடி சுருங்க என்று வருஷத்துக்கு ஒரு கால் அங்குலமாக அந்த வயிறு வளர்ந்திருக்கிறது. அந்த ராத்திரி வெடிப்பு முழுக்கத் தண்ணீர் நின்றது. அதோடு மேல்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் நாலங்குலக் குழாய் நேராக அந்த மண்ணில்தான் விடப்பட்டிருந்தது.

பக்கச் சுவரின் கதை வேறு. அது கவிழவில்லை, சறுக்கியது. தோண்டிப் பார்த்தால் அஸ்திவாரத்தை ஒன்றரை அடி ஆழத்தில், தரை எப்படிச் சரிந்ததோ அப்படியே சரிவாகப் போட்டிருந்தார்கள். படி வெட்டவே இல்லை. நனைந்த களிமண் மேல் சரிவாக வைத்த கல், சோப்புப் பலகை மேல் வைத்த மாதிரி. மொத்தச் சுவரும் மூன்று அங்குலம் கீழ்நோக்கி நகர்ந்து, மூன்று இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிந்திருந்தது.

மண்ணைச் சோதித்தது

பெங்களூர் செம்மண்ணை நம் ஊர்க் கரிசல் மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம். இங்கே அடியில் கிடப்பது நைஸ் (gneiss) என்ற மிகப் பழைய பாறை. லால்பாக்கில் ஏறி உட்கார்ந்து கடலை சாப்பிடுகிறோமே, அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது மக்கித்தான் இந்தச் செம்மண். இதிலிருக்கும் களிமண் பெரும்பாலும் கயோலினைட் வகை, கரிசலில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் மாதிரி தண்ணீரைக் குடித்து பூதமாக ஊதாது. ஆனால் ஏரி ஓரங்களிலும் பள்ளங்களிலும் கறுப்புக் களி படிந்திருக்கும், அங்கே கதை மாறும். அதனால் ஏரியா பெயரை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் குழியின் மண்ணை எடுத்துப் பாருங்கள்.

நான் செய்தது இதுதான். மூன்று ஆழத்தில் மண் எடுத்து, காய வைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக எடுத்து, ஒரு அளவுக் குடுவையில் தண்ணீரும் இன்னொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி அதில் போட்டேன். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, தண்ணீரில் ஊதும். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் இரண்டின் வித்தியாசமே ஊதும் அளவு. (இன்றைக்குப் பெங்களூரில் அரை லிட்டர் மண்ணெண்ணெய் தேடுவது இந்தச் சோதனையிலேயே கஷ்டமான பகுதி, பழைய ஸ்டவ் வைத்திருந்த ஒரு பாட்டி புண்ணியம்.) எங்கள் மண் மண்ணெண்ணெயில் 11 மி.லி., தண்ணீரில் 15 மி.லி. அதாவது 36 சதவீதம். 50-க்குக் கீழே இருந்தால் ஊதல் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். சரி, ஊதும், ஆனால் பேய் இல்லை.

இன்னொன்று கையாலேயே பார்க்கலாம். ஈர மண்ணை உள்ளங்கையில் திரித்து முறுக்கு மாவு மாதிரி உருட்டிக்கொண்டே போங்கள். தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிமனாக, 3 மி.மீ. கயிறாக ஆகும்வரை உடையாமல் வந்தால் அதில் களி நிறைய. எங்கள் மேல்மண் அழகாக வந்தது. நாலடிக்குக் கீழே எடுத்தது பாதியிலேயே பொடிந்தது. அங்கே மொரம்பு, அதாவது சரளை கலந்த கெட்டி மண், தொடங்கிவிட்டது. கடப்பாரையைப் போட்டால் மேலே சொத் சொத்தென்று இறங்கியது, நாலடியில் டங்கென்று கையில் உதறியது. ஊன்றவேண்டிய இடம் அதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

கணக்கு

கணக்கு என்றால் ஓடாதீர்கள், நாலு வரிதான். ஆறடி, அதாவது 1.8 மீட்டர் மண் பின்னால் இருந்தால், நன்றாக வடியும் சல்லி கலந்த மண்ணாகவே இருந்தாலும், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் ஒரு டன் விசையில் தள்ளும். அந்தத் தள்ளல் அடியிலிருந்து இரண்டடி உயரத்தில் வேலை செய்வதாகக் கொள்ளலாம். இப்போது வடிய வழியில்லாமல் பின்னால் முழு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்? மண்ணின் எடை தண்ணீருக்குள் குறையும், ஆனால் தண்ணீரே தன் பங்குக்குத் தள்ளும். இரண்டும் சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டிவிடும். கல் அதே கல், உயரம் அதே உயரம், ஒரு ராத்திரியில் பளு இரட்டிப்பு.

பழைய 15 அங்குலச் சுவரின் எடை மீட்டருக்கு 1.6 டன்தான். அது முன்முனையில் கவிழாமல் நிற்கத் தரும் எதிர்ப்பு, காய்ந்த மண்ணின் தள்ளலில் சுமார் பாதிதான். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் மாமா சொன்னார், "அப்ப சிமெண்ட் ஜாஸ்தி போட்டிருந்தாலும்?" விழுந்திருக்கும் மாமா, கொஞ்சம் முழுசா விழுந்திருக்கும்.

புதுச் சுவரை மேலே ஒன்றரை அடி, தரைமட்டத்தில் மூன்றரை அடி, பின்முகம் நேர், முன்முகம் சாய்வு என்று வைத்தோம். தரைக்கு மேலே உள்ளது மட்டும் மீட்டருக்கு 3.2 டன். கவிழ்வதற்கு எதிராக மூன்று மடங்குக்கு மேல் பலம் வந்துவிட்டது, தண்ணீர் நின்றாலும் ஒன்றரை மடங்கு தேறும். ஆனால் களிமண்ணில் தூக்கத்தைக் கெடுப்பது கவிழ்வதல்ல, வழுக்குவது. ஈரக் களிமண்மேல் கல்லின் உராய்வு எடையில் 35-லிருந்து 40 சதவீதம்தான் என்று வைத்தால், 3.2 டன் சுவர் 1.1 அல்லது 1.3 டன்னைத்தான் பிடித்து நிறுத்தும், தள்ளுவதோ ஒரு டன். மயிரிழை. அகலத்தைக் கூட்டிக்கொண்டே போவது பணத்தைக் கரைக்கிற வழி. ஆழமாகப் புதைத்து முன்னால் உள்ள கெட்டி மண்ணில் முட்டுக் கொடுப்பதும், அடிப்படுகையை மேட்டுப் பக்கமாகச் சற்றுச் சாய்ப்பதும்தான் சரி. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம், அவர் ஆழத்தை மட்டும் அரையடி கூட்டினார். ஆறடியைத் தாண்டுகிற சுவர், மேலே கார் நிற்கிற இடம், மேலே வீடே நிற்கிற இடம் என்றால் இந்த மாதிரி மச்சினன் கணக்கை நம்பிக் கட்டாதீர்கள்.

மழை எல்லாம் நின்று, 2023 ஜனவரியில்தான் மண்ணில் கை வைத்தோம். அதுவரை நாலு மாதம் விழுந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, மேல்வீட்டுக் குழாயைத் திருப்பிவிட்டோம். குழாய்க்காக மேல்வீட்டுக்காரரிடம் பேசப் போனபோது அவர் வழக்கமான பெங்களூர் மந்திரத்தைச் சொன்னார், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று. வெடிப்பைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். வெடிப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய சம்ப், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இருந்தது. அன்று மாலையே பிளம்பர் வந்துவிட்டார்.

வானம் (அஸ்திவாரக் குழி) பறித்தது

மேஸ்திரி ஊத்தங்கரைக்காரர், முப்பது வருஷமாக இங்கேதான் கல் வேலை. முதல் நாள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, "சார், கல்லு நான் பாத்துக்கறேன். தண்ணி எங்க போவுது, அதை மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். இந்த ஆள் சரிப்பட்டு வருவார் என்று தோன்றிவிட்டது.

40 அடியையும் ஒரே மூச்சில் வெட்டவில்லை. மேலே ஆறடி மண் நிற்கும்போது அதன் காலடியில் நீளமாகக் குழி பறித்தால் மேடே இறங்கிவிடும், உள்ளே ஆள் இருந்தால் அவ்வளவுதான். எட்டெட்டு அடியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, அதைக் கட்டி மேலேற்றிய பிறகு நடுவில் விட்டதை வெட்டினோம். நின்ற மண்ணுக்குப் பலகை வைத்து சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். சித்தாள் ஒருவர் "இந்தச் செம்மண்ணு விழாதுண்ணா" என்று முட்டுக் கட்டையை எடுக்கப் பார்த்தார். விழுந்த சுவரைக் காட்டினேன். வெட்டிய மண்ணைக் குழி ஓரத்தில் குவிக்கவும் விடவில்லை, அதுவும் பளுதான்.

பின்சுவரில் நான்கு அடி ஆழத்தில் மொரம்பு எல்லா இடத்திலும் வந்தது, வடக்கு மூலையில் தவிர. அங்கே நாலடியில் நந்தினி பால் கவர் ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் தேங்காய் மட்டை, உடைந்த டைல்ஸ். பார்க்கச் செம்மண் மாதிரியே இருந்த கொட்டிய மண். லேஅவுட் போடும்போது பள்ளத்தை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். பத்தடி நீளத்துக்கு ஆறரை அடிவரை போய்த்தான் பிறந்த மண் கிடைத்தது, அங்கே பெரிய கற்களை இடைவெளி விட்டு வைத்து கான்கிரீட் ஊற்றி நாலடி மட்டத்துக்குக் கொண்டு வந்தோம். பட்ஜெட் அந்த மூலையில்தான் கிழிந்தது.

பக்கச் சுவருக்குப் படி. டியூப் லெவலில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தோம், 40 அடிக்கு ஐந்தடி இறக்கம். எட்டடி நீளத்தில் ஐந்து தளம், ஒன்றுக்கொன்று ஓரடி இறக்கம். ஓரடி ஏன் என்றால் சைஸ் கல் ஒரு வரி ஆறு அங்குலம் வரும், இரண்டு வரி போட்டால் மேல்தளத்தோடு மட்டமாகச் சேர்ந்துவிடும், கல்லைச் சீவி ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஒவ்வொரு தளமும் நீளவாட்டில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கவேண்டும், கண்ணளவு எல்லாம் கிடையாது. மேல்தளத்து அடிக் கான்கிரீட் கீழ்த்தளத்தின் மேல் இரண்டடி ஏறிப் படுக்கவேண்டும், அதாவது படியின் உயரத்தைப்போல இரு மடங்கு. படி முடிகிற இடத்தில் அடுத்தது தொட்டும் தொடாமலும் இருந்தால் அங்கேதான் முதல் விரிசல் வரும். பழைய சுவர் மூன்று இடத்தில் விரிந்ததைச் சொன்னேன் இல்லையா, அங்கெல்லாம் தோண்டிப் பார்த்தால் வேலை ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்கிய இடம்.

ஒரு தப்பு நாங்களும் செய்தோம். பின்சுவரின் மூன்றாவது துண்டு மாலை ஐந்து மணிக்கு ஆழம் கிடைத்துவிட்டது, கான்கிரீட் நாளைக்குப் போடலாம் என்று விட்டுவிட்டோம். மார்ச்சில் பெங்களூரில் அவ்வப்போது மாலை மழை வரும் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரைமணி நேரம்தான் பெய்தது. காலையில் குழியில் இறங்கினால் செருப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை. நேற்று கடப்பாரை உதறிய இடம் இன்று தயிர். அதன்மேல் அப்படியே கான்கிரீட் போடுகிறவர்கள் உண்டு, காய்ந்தால் கெட்டியாகிவிடும் என்று. ஆகாது, அந்த வழவழப்பு ஒரு படலமாக அப்படியே அடியில் மாட்டிக்கொள்ளும், சுவர் சறுக்க அது போதும். நாலங்குலம் சுரண்டி எடுத்தோம், எடுத்த ஆழத்தை மண்ணால் நிரப்பாமல் மட்டக் கான்கிரீட்டாலேயே நிரப்பினோம். அதற்கப்புறம் ஆழம் தொட்ட அன்றைக்கே, ராத்திரி எட்டு மணி ஆனாலும், மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு மண்ணை மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

படுகையின் அகலத்தில் மட்டும் மேட்டுப் பக்கம் இரண்டு அங்குலம் தாழ்வாக வைத்தோம். சுவர் தன் எடையாலேயே மலைப்பக்கம் சாய்ந்து உட்காரும். இதில் ஒரு சிக்கல், கசிகிற தண்ணீரும் அந்தத் தாழ்ந்த மூலையில்தான் வந்து நிற்கும். எனவே அங்கே ஓட்டை போட்ட நாலங்குலக் குழாய், வடிதுணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சுற்றி, நூற்றுக்கு ஒன்று சாய்வில். 40 அடிக்கு ஐந்து அங்குல இறக்கம், முனை பக்கச் சுவரைத் தாண்டி ரோட்டுச் சாக்கடைக்கு. அந்தச் சாக்கடைத் தண்ணீர் எங்கெங்கோ சுற்றி எந்த ஆற்றில் சேரும் என்று மேஸ்திரி கேட்டார். பெங்களூர் ஒரு முதுகு மாதிரி, மேற்குப் பக்கம் விழுந்தால் விருஷபாவதி வழியாகக் காவிரிக்கு, கிழக்குப் பக்கம் விழுந்தால் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணைக்கு என்றேன். "அப்ப கிழக்க விடுங்க சார், எங்க ஊருக்காவது வரட்டும்" என்றார். தண்ணீரின் லட்சணத்தைப் பார்த்தால் வராமலிருப்பதே நல்லது.

கல் அடுக்கியது

பழைய கல்லையே பயன்படுத்தினோம். கல்லில் குற்றமே இல்லை, கிரானைட், கழுவினால் புதுசு. கூடுதலாக இரண்டு லோடும், த்ரூ கல்லுக்காகத் தனியாக மூன்றடி நீளக் கற்களும் வாங்கினோம். மேஸ்திரி வேலை செய்கிற விதத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். கல்லைக் கையில் எடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பி மூன்று பக்கம் பார்ப்பார். நீளமான பக்கம் சுவருக்குள்ளே போகவேண்டும், அழகான பக்கம் வெளியே தெரிவதற்காக நீளத்தை வெளியே காட்டிப் படுக்க வைத்தால் சுவர் மெலியும். வைத்த பிறகு ஒருதரம் காலால் மிதித்து ஆட்டுவார். ஆடினால் அடியில் சாந்தைத் திணிக்காமல், கல்லை எடுத்துவிட்டு வேறு கல் தேடுவார். சில்லை அவர் போடவில்லை, அடித்து இறக்கினார், முதலில் சாந்து, அப்புறம் சில்லை சுத்தியால் தட்டி. பழைய சுவரில் இதே சில்லு சும்மா கொட்டிக் கிடந்தது. சிமெண்ட்டும் எம்-சாண்டும் ஒன்றுக்கு ஆறு, கல்லை நனைத்துவிட்டு. ஒரு நாளைக்கு இரண்டடிக்கு மேல் ஏற்றவிடவில்லை. சுமார் ஐந்து சதுர அடிக்கு ஒரு த்ரூ கல், அதன் முனையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து எண்ணினேன், நம்பிக்கையில்லாமல் இல்லை, எண்ணினால் குறையாது.

வடிகால் ஓட்டை, வீப் ஹோல், மூன்றங்குலக் குழாய், ஐந்தடிக்கு ஒன்று, மேல்வரி கீழ்வரி மாற்றி மாற்றி. முதல் நாலு குழாயைப் பையன் ஒருவன் உள்பக்கம் தாழ வைத்துவிட்டான். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் தெரிந்தது, தண்ணீர் வெளியே வராமல் சுவருக்குள் போனது. பிரித்து வைக்கச் சொன்னதற்கு மேஸ்திரிதான் அவனைத் திட்டினார், நான் இல்லை.

பின்னால் நிரப்பியது முக்கியம். வெட்டிய களிமண்ணை அங்கேயே தள்ளி மூடுவதுதான் எல்லா சைட்டிலும் நடக்கிறது, லாரி வாடகை மிச்சம். நாங்கள் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு 20, 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் வடிதுணி, அதற்குப் பின்னால் மொரம்பு மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்தோம். வடிதுணி இல்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் இரண்டு மழையில் களி புகுந்து அடைத்துவிடும். உச்சியில் மட்டும் ஓரடிக்குக் களிமண்ணே போட்டு, சுவருக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து மூடினோம். கீழே வேண்டாத களிமண் மேலே மூடியாக ரொம்ப நல்லது, தண்ணீரை உள்ளே விடாது. அதற்கும் மேலே, மேல்வீட்டு நிலத்தில் அவர் சம்மதத்தோடு ஒரு சின்னக் கால்வாய், மேட்டிலிருந்து வரும் தண்ணீரைச் சுவரைத் தொடுவதற்கு முன்பே பிடித்துக்கொண்டு போக.

மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரைக்குக் கீழேயும் சுவருக்குப் பின்னாலும் போனது. மாமா பில்லை மூன்று தடவை பார்த்தார். "வெளிய பாத்தா பழைய சுவர் மாதிரியேதான இருக்கு?" கறுப்புக் கோடு கூட இல்லை.

அப்புறம்

ஏப்ரலில் முடித்தோம். சுவர் முகத்தில் மூன்று இடத்தில் ஆணி அடித்து, மாதம் ஒருமுறை தூக்குக்குண்டு விட்டு அளந்து, அக்கா காலண்டர் பின்பக்கம் எழுதி வைக்கிறாள். முதல் வருஷம் உச்சியில் 4 மி.மீ. முன்னால் வந்தது. புதிதாக நிரப்பிய மண் உட்காரும்போது சுவர் கொஞ்சம் அசைவது எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அந்த 4 மி.மீ.க்காக அக்கா எனக்கு எட்டு தடவை போன் பண்ணினாள்.

2023-ல் மழை ஏமாற்றிவிட்டது. 2024 மார்ச்சில் ஊரே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. ஆனால் அந்த வறட்சியும் ஒரு சோதனைதான்: மேலே மூடிய களிமண் காய்ந்து சுவரை ஒட்டி அரை அங்குலம் விலகியது. அப்படியே விட்டிருந்தால் அடுத்த மழையின் முதல் தண்ணீர் அதில்தான் இறங்கியிருக்கும். ஈரக் களியை இடித்து அடைத்து, மேலே புல் பதித்தோம். இதை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கவேண்டும்.

நிஜப் பரீட்சை 2024 அக்டோபரில் வந்தது, நகரம் மறுபடி மிதந்த நாட்கள். நான் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்க் குடையோடு நின்றேன். முதல் அரைமணி நேரம் ஓட்டைகளில் ஒன்றும் இல்லை. அப்புறம் கீழ்வரி ஓட்டைகளில் செம்பழுப்பாகக் கொஞ்சம் வந்தது, போகப் போகத் தெளிந்துவிட்டது. கலங்கலாகவே வந்துகொண்டிருந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம், தெளிந்ததால் வடிதுணி வேலை செய்கிறது. சுவரடியில் பதித்த குழாயின் முனையில் கட்டை விரல் தடிமனுக்கு இரண்டு நாள் ஓடியது. வடக்கு மூலையில், பால் கவர் வந்த இடத்துக்கு மேலே உள்ள ஓட்டை மட்டும் சொட்டுக்கூட விடவில்லை. அடைத்திருக்கிறதா, அங்கே தண்ணீரே வரவில்லையா என்று கம்பி விட்டுப் பார்த்தேன், ஜல்லிவரை தாராளமாகப் போனது. ஆணியில் தூக்குக்குண்டு அதே 4 மி.மீ.

போன மாதம் அக்கா கேட்டாள், சுவர் ஓரமாக மேலே ஒரு முருங்கை வைக்கட்டுமா, இடம் சும்மாதானே கிடக்கிறது என்று. வேர் ஜல்லியைத் தேடித்தான் முதலில் போகும், வேண்டாம் என்றேன். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்திருக்கிறாள், தொட்டி சுவர்மேல்.